தடியன் வரும் நேரம்

சிங்கம் கொட்டாவி விடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்த மனிதர் ஒருவர், சொந்த வீட்டில் குக்கர் விசில் அடித்தால் திடுக்கிட்டு எழுந்து நிற்பார். அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். தெருவில் அவருக்குப் 'பதுங்கி' என்று பெயர். கடன்காரனுக்குப் பயந்து பதுங்கியவர் அல்லர், தொழிலே அதுதான். காட்டு மிருகங்களை அவை வாழும் இடத்துக்கே போய்ப் படம் எடுப்பவர். பனி தேசத்தில் கரடி, புல்வெளி தேசத்தில் சிங்கம், எங்கோ ஒரு சேற்று ஆற்றில் முதலை என்று பாதி உலகத்தைச் சுற்றியவர். அந்தப் பாதி உலகத்தையும் பெரும்பாலும் குப்புறப் படுத்தபடியேதான் பார்த்தார் என்பது வேறு விஷயம். உலகம் சுற்றியவர் என்ற மரியாதைக்காக நாம் அவரைப் பதுங்கியார் என்றே சொல்லுவோம்.

தொழில் என்றேன். அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். தொழில் என்றால் சோறு போட வேண்டும். அந்த வீட்டுக்குச் சோறு போட்டது கடைத்தெருவில் இருந்த போட்டோ ஸ்டுடியோ. பலகையில் இருந்தது அவர் பெயர், உள்ளே இருந்தது அவர் மனைவி. மிருகங்கள் உங்களுக்கு, மனிதர்கள் எனக்கு என்று கல்யாணமான புதிதிலேயே பாகப்பிரிவினை ஆகிவிட்டது. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து, "தாடையை எறக்குங்க, சிரிக்காதீங்க, மூச்சு விடலாம்" என்பாள். அவள் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு ஊரில் எத்தனையோ பேர் கடல் தாண்டிப் போனார்கள். அவள் போகவில்லை. போனால் ஸ்டுடியோவை யார் பார்ப்பது?

அந்த வீட்டில் காலண்டர் தேவைப்படவில்லை. மகள் பிறந்தது யானை வருஷம். கூரை ஒழுகி நடுக்கூடத்தில் வாளி வைத்தது முதலை வருஷம். மகள் வேலை கிடைத்து வெளியூர் போய், வீடு வெறிச்சென்று ஆனது கரடி வருஷம். மனைவி அப்படித்தான் கணக்கு வைத்திருந்தாள். அதில் ஒரு குத்தல் இருப்பதாகப் பதுங்கியாருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நம்முடைய வேலையை இவ்வளவு ஞாபகமாக வைத்திருக்கிறாளே என்று உள்ளூரப் பூரித்துப்போவார்.

அவர் தொழிலுக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, உடம்பில் மனித வாசனை கூடாது. பயணத்துக்கு வெகு நாள் முன்பே சோப்பு, பவுடர், தலைக்கு எண்ணெய் எல்லாவற்றையும் விட்டுவிடுவார். உடுப்புகளைக் காய்ந்த சருகோடு சேர்த்து மூட்டை கட்டி வைப்பார். ஒரு பயணம் முடிவதற்குள் அடுத்த பயணம் வந்துவிடும் என்பதால், நாளடைவில் சோப்பு என்பதே அவர் வாழ்க்கையிலிருந்து போய்விட்டது. பேட்டரிக் கடை வைத்திருந்த அவர் மைத்துனர், "மாமா பக்கத்துல உக்காந்தா மழை பேஞ்ச காட்டுக்குள்ள உக்காந்த மாதிரியே இருக்கு, சாப்பிட மட்டும்தான் முடியல" என்று சொல்லி வேறு நாற்காலிக்கு மாறிக்கொள்வார்.

இரண்டாவது விதி, எதிலும் தலையிடக் கூடாது. மிருகத்தைத் தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது, முக்கியமாக அதற்குத் தின்னக் கொடுக்கவே கூடாது. "மனுஷன் கையால சாப்பிட்டா அது மிருகமே இல்ல, பிச்சைக்காரன்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பிரசங்கம் செய்வார். தலையிடாத இந்தப் பழக்கம் வீட்டு விஷயத்திலும் நன்றாகவே கைவந்திருந்தது. கூரை ஒழுகியபோதும் அவர் தலையிடவில்லை.

இவ்வளவு பெரிய பெரிய மிருகங்களைப் படம் பிடித்தவருக்குச் சிக்காதது ஒன்றே ஒன்று. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பூனை. அதாவது காட்டுப்பூனை. சாம்பல் நிறம், முதுகில் ஒரு கருங்கோடு, உலக்கை போல வால், வாலில் கறுப்பு வளையங்கள். மனித வாடை பட்டால் மலை தாண்டி ஓடிவிடும் என்று புத்தகங்கள் சொல்லின. பதுங்கியார் அதற்காகக் கண்டம் கண்டமாகப் போனார். பாறை இடுக்கில் கிடந்தார், பாழடைந்த கொட்டகையில் கிடந்தார், ஒருமுறை செத்த மரத்துக்குள்ளேயே கிடந்தார். கண்டது ஒரே ஒரு தடவை, அதுவும் வால் நுனியை. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மனைவி, "அது எப்படிங்க இருக்கும்?" என்று கேட்பாள். "எடுத்துட்டு வந்து காட்டறேன்" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டுப் போவார். காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்பி வருவார். மைத்துனர் மட்டும், "பூனைதானே மாமா வேணும், எங்க கடைக்குப் பின்னாடி குட்டி போட்டிருக்கு, கூடையில எடுத்துட்டு வரட்டுமா?" என்பார்.

கடைசியாகப் போன மலையில் வழுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். இனிமேல் மலை, காடு எல்லாம் மறந்துவிடுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். முன்னறையில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, வீட்டுக்கு வருகிற காய்கறிக்காரரையும் மின்சாரக் கணக்கு எடுப்பவரையும் அசையாமல் உற்றுப் பார்த்து அவர்களைக் கலவரப்படுத்திக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் நடக்க முடிந்ததும் ஒரு காலையில் வீட்டின் பின்பக்கம் போனார். அவர் அந்தப் பக்கம் போய் வருஷக்கணக்கில் ஆகியிருக்கும். சமையலறைக் கதவு, ஜன்னல், அவற்றை ஒட்டிப் பழைய சாமான் போடும் ஒரு சின்ன அறை, எதிரே துணி துவைக்கிற கல், அதற்கு அப்பால் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரியும் முட்புதரும். துவைக்கிற கல்லின் மேல் ஈர மண்ணில் ஒரு கால்தடம் இருந்தது. சுவர்க் கம்பியில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் மயிர் சிக்கியிருந்தது. பெயர்ந்த முழங்காலை மறந்து மண்டியிட்டார். உலகமெல்லாம் தேடிய ஜந்து, வீட்டு அழுக்குத்துணிக்குப் பக்கத்தில் காலை வைத்துவிட்டுப் போயிருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டார்.

"இனிமே சாயங்காலத்துல யாரும் பின்பக்கம் போகக் கூடாது."

"யாரும்னா? இருக்கிறது நான் ஒருத்திதானே."

"நீதான் போகக் கூடாது."

அவள் தயங்கினாள். "சாயங்காலம் எனக்கு அங்க ஒரு சின்ன வேலை இருக்கும்."

"என்ன வேலை?"

"ஏதோ மிச்சம் மீதி கொட்டறது."

"முன்னாடி கொட்டு. அப்புறம் நீயும் சோப்பு போடாத. பவுடர் வேண்டாம். இந்த வீட்டுல மனுஷங்க இருக்கிற அடையாளமே தெரியக் கூடாது."

"அது ரொம்ப நாளாவே அப்படித்தானே இருக்கு" என்றாள் அவள். அவர் அப்போது லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை. சற்றுப் பொறுத்து அவளே கேட்டாள். "அந்தக் காட்டுப்பூனை, சாதாரணப் பூனை ஏதாவது வந்தா கடிக்குமா?"

"கடிக்கிறதா? கிழிச்சுத் தோரணம் கட்டிடும்."

அவள் முகம் வாடிப்போனது. பயப்படுகிறாள் என்று நினைத்து, "கதவைச் சாத்திக்கோ, உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று தைரியம் சொன்னார்.

சாமான் அறைக் கதவில் ஓட்டை போட்டு, லென்ஸை நுழைத்து, சாக்கை மூடிக்கொண்டு சாயங்காலம் தவறாமல் உட்கார்ந்தார். அது வந்தது. முதலில் சுவர் மேல் ஒரு நிழலாக வந்து போனது. அடுத்தடுத்த நாட்களில் கீழே இறங்கியது. கடைசியில் ஒருநாள் மங்கும் வெளிச்சத்தில் துவைக்கிற கல்லின் மேல் ஏறி, காதைப் பின்னுக்கு மடித்து, நேராக அவரைப் பார்த்து முறைத்தது. அப்படி ஒரு முறைப்பை அவர் சிங்கத்திடம்கூடக் கண்டதில்லை. விரல் தானாக அழுத்தியது.

படத்தைப் பெரிதாகப் போட்டு வந்து மனைவியிடம் நீட்டினார். அவள் வெகு நேரம் பார்த்தாள்.

"இதுவா காட்டுப்பூனை?"

"இதேதான்."

"நல்லாப் பாத்தீங்களா? இதுவேதானா?"

"என்ன அப்படிக் கேக்கற? இதுக்காக நான் செத்த மரத்துக்குள்ள கிடந்திருக்கேன்."

அவள் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். படம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் சட்டத்தையும் தளர்த்தினார். இனி அவள் பின்பக்கம் போகலாம்.

உலக அளவில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் போட்டி ஒன்று உண்டு. இளமையிலிருந்து அதற்கு அவர் படம் அனுப்பிக்கொண்டிருந்தார். சிங்கம் நன்றியுடன் திரும்பி வந்தது. கரடியும் முதலையும் வந்தன. பூனை திரும்பி வரவில்லை. முதல் பரிசு என்று செய்தி வந்தது. படம் கண்காட்சி வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்கும், போட்டிக்காரர்கள் போடும் புத்தகத்தின் அட்டையிலும் வரும். நடுவர்கள் எழுதியிருந்ததை அவர் மனப்பாடம் செய்துவிட்டார். 'மனிதனை ஒருபோதும் நம்பியறியாத கண்கள். காடு நம்மீது வைக்கும் கடைசிக் குற்றச்சாட்டு.' காய்கறிக்காரர்கூட அதைக் கேட்காமல் கத்தரிக்காய் நிறுத்துப் போட முடியவில்லை. "சிங்கத்துக்குக் கொடுக்காததைப் பூனைக்கா கொடுத்தாங்க?" என்று மைத்துனர் மட்டும் தலையைச் சொறிந்தார்.

ஒரே ஒரு சடங்கு பாக்கி. ஊருக்கு அறிவிக்கும் முன் நடுவர்களில் ஒருவர் வந்து, படம் எடுத்த இடத்தையும் மிருகத்தையும் நேரில் பார்ப்பார். யாராவது தீனி போட்டுப் பழக்கிய மிருகம் என்று தெரிந்தால் பரிசு போய்விடும். அனுப்பியவர் பெயரையும் ஒரேயடியாக நீக்கிவிடுவார்கள். பதுங்கியாருக்கு இதில் என்ன பயம்? தின்னக் கொடுக்காதே என்று ஊருக்கே பிரசங்கம் செய்தவர் ஆயிற்றே.

வந்தவர் நடுவயதுப் பெண்மணி, தமிழ் தெரிந்தவர். கனத்த பூட்ஸ், கனிவான பேச்சு. முன்னறையில் உட்கார்ந்து, சம்பிரதாயத்துக்குக் கேட்கிற தொனியில் கேட்டார்.

"இந்தப் பூனைக்கு அக்கம்பக்கத்துல யாராவது சாப்பாடு வெக்கறதுண்டா?"

பதுங்கியார் வாய்விட்டுச் சிரித்தார். "அது மனுஷன் நிழலைப் பாத்தாலே ஓடிடும் மேடம்." தட்டில் டீ கொண்டுவந்த மனைவி, டீயை வைத்துவிட்டுத் தட்டை மறந்து நின்றாள். பிறகு கணவரைப் பார்த்து, "ஏங்க, கொஞ்சம் உள்ள வாங்களேன்" என்றாள்.

சமையலறையில் அவர் காதருகே வந்து சொன்னாள்.

"நான்தான் வெச்சேன்."

"என்ன வெச்ச?"

"சாப்பாடு. மீன் தலை. மீன் இல்லாதப்போ முட்டை."

பதுங்கியார் கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் உட்கார்ந்தார். "எப்பத்திலேருந்து?"

"கரடி வருஷத்துலேருந்து."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"தெருப்பூனைன்னு நெனச்சேங்க. கொழுகொழுன்னு இருந்துச்சு, தடியன்னு பேர் வெச்சேன். காட்டுப்பூனை எப்படி இருக்கும்னு நீங்க ஒரு படம் காட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்க கிழிச்சுடும்னு சொன்னப்போகூட, ஐயோ நம்ம தடியனை அது கிழிச்சுடுமேன்னுதான் பயந்தேன். படத்தைப் பாத்த அப்புறம் நீங்க பட்ட சந்தோஷத்துல சொல்ல மனசு வரல."

அவர் நிமிர்ந்தார். "அப்போ அந்தப் பார்வை?"

"உங்களை எங்கங்க பாத்துச்சு. ஜன்னல்ல நின்னுட்டிருந்த என்னைப் பாத்துச்சு. நீங்கதான் வெளியவே விடலையே. இத்தனை நாளா ஏன் சாப்பாடு போடலன்னு மொறைச்சுது."

காட்டின் கடைசிக் குற்றச்சாட்டு மீன் தலைக்காகத்தான் என்று தெரிந்ததும் அவருக்குத் தலை சுற்றியது. திட்ட வாயெடுத்தார். ஆனால் யாரை, எதற்கு என்று திட்டுவது? அவள் அவர் தோளைத் தொட்டாள்.

"கவலைப்படாதீங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இன்னைக்கு நான் வெளிய வரல, ஜன்னலையும் சாத்திடறேன். அவங்க பாத்துட்டுப் போகட்டும். நீங்க எத்தனை வருஷமா ஆசைப்பட்டீங்க."

அதில் குத்தல் இல்லை. மனசாரச் சொன்னாள். பதுங்கியார் வாளியிலிருந்து எழுந்தார். பிறகு, "சரி, சாத்திக்கோ" என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போனார். நம் கதாநாயகர் உத்தமர் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

சாயங்காலம் சாமான் அறையில் அவரும் நடுவரும் ஒரே சாக்கின் கீழ் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டை. வெளிச்சம் மங்குகிற சமயத்தில் சுவர் மேல் தடித்த வால் தெரிந்தது. அது இறங்கி வந்து கல்லின் மேல் ஏறி உட்கார்ந்தது. சாத்தியிருந்த ஜன்னலை நிமிர்ந்து பார்த்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தது. காது பின்னால் போனது.

"அதே பார்வை" என்று நடுவர் மூச்சுக்குள் சொன்னார். அவருக்குப் புல்லரித்திருந்தது.

அதோடு அது போயிருந்தால் கதை சுபமாக முடிந்திருக்கும். அது கல்லிலிருந்து இறங்கிச் சமையலறைக் கதவுக்கு வந்தது. முன்னங்காலைத் தூக்கிக் கதவின் அடியைப் பிறாண்டியது. அந்த இடத்தில் பெயிண்ட் உரிந்து கட்டை தெரிந்துகொண்டிருந்ததைப் பதுங்கியார் முன்பே பார்த்திருந்தார். கரையான் என்று முடிவு செய்து, மருந்து அடிக்கச் சொல்லி மனைவியிடம் உத்தரவும் போட்டிருந்தார்.

கதவுக்கு உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. யாருக்கும் கேட்கக் கூடாது என்று தாழ்த்திய குரல்.

"போடா தடியா. இன்னைக்கு இல்ல. இன்னைக்கு ஒரு நாள் போயிடு. அவருக்குப் பெரிய நாள்டா."

பூனை மறுபடியும் பிறாண்டியது. உள்ளே அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவளும் பூனையும் ஒரே கதவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். கதவின் அடியில் அத்தனை பெயிண்ட் உரிந்திருந்தால் இது எத்தனை சாயங்காலம் வந்திருக்க வேண்டும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மகள் போன பிறகு இந்த வீட்டில் அவள் யாரோடு பேசினாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"யார் பேசறது?" என்று கேட்டார் நடுவர்.

பக்கத்து வீட்டு ரேடியோ என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நுனிநாக்கில் தயாராகக்கூட இருந்தது.

"என் மனைவி" என்றார். "பூனைகிட்ட பேசறா. ரொம்ப வருஷமா அவதான் அதுக்குச் சாப்பாடு வெக்கறா."

சாக்கைத் தள்ளிவிட்டு எழுந்தார். பதுங்கியார் என்ற பெயரையே பொய்யாக்கும்படி சாமான் அறைக் கதவைப் படாரென்று திறந்து, "அதுக்குச் சாப்பாடு போடு" என்று சத்தமாகச் சொன்னார். பூனை ஒரே தாவலில் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

நடுவர் மெதுவாக வெளியே வந்து, பூட்ஸில் ஒட்டிய தூசியைத் தட்டினார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் ரேடியோன்னே நெனச்சிருப்பேன்."

"தெரியும் மேடம்."

"பரிசு போயிடும். இனிமே நீங்க படம் அனுப்பவும் முடியாது."

"தெரியும் மேடம்."

நடுவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். "அந்தக் குற்றச்சாட்டுங்கிற வரியை எழுதினதே நான்தான்" என்றார், சங்கடத்தோடு.

"எழுதினது சரிதான்" என்றார் பதுங்கியார்.

அதற்குள் சமையலறைக் கதவு திறந்தது. மனைவி கையில் தட்டோடு நின்றாள். கண் சிவந்திருந்தது, கோபமும் இருந்தது.

"சாப்பாடு போடச் சொல்றவங்க மெதுவாச் சொல்லக் கூடாதா? பாவம், வெறும் வயித்தோட ஓடுது. ரெண்டு பேரும் உள்ள வாங்க மொதல்ல."

உலகம் முழுக்க மிருகங்களை நெருங்கத் தெரிந்த இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாக உள்ளே போனார்கள். நடுவர் முன்னறைக்குப் போய்ப் பையைக் கட்ட ஆரம்பித்தார். பதுங்கியார் சமையலறையில், கதவுக்குக் கொஞ்சம் பின்னால் நின்றார். கேமரா சாமான் அறையிலேயே கிடந்தது. அவருக்கு அது ஞாபகம் வரவில்லை.

அவள் கல்லுக்குப் பக்கத்தில் தட்டை வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து கூப்பிட்டாள். வெகு நேரம் கழித்துச் சுவர் மேல் தலை தெரிந்தது. இறங்கியது. தட்டு வரைக்கும் வந்தது. தட்டில் வாயை வைக்கப் போனது, கதவுப் பக்கம் மூக்கை நீட்டியது, இரண்டடி பின்னால் போனது. மறுபடி வந்தது, மறுபடி பின்னால் போனது.

"நான் அசையக்கூட இல்லையே" என்றார் அவர், கிசுகிசுப்பாக.

"நீங்க அசையறதா பிரச்சினை? சருகு வாசனை அடிக்குது. ஏதோ மிருகம் உள்ள நிக்குதுன்னு பயப்படுது" என்றாள் அவள், பூனையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நாளைக்குச் சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வந்து, இங்க எம் பக்கத்துல உக்காருங்க. வீட்டோட இருந்தீங்கன்னா, கொஞ்ச நாள்ல பழகிடும்."